மூக்கர் எழுதிய சீட்டு

மூக்கருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையைத் தாண்டி அதற்கு வேறு வேலை இருந்ததில்லை. ஒயின் ஆலையின் சுவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். பீப்பாயைத் திறப்பதற்கு முன்பே உள்ளே இருப்பதற்கு என்ன வயது என்று சொல்லிவிடுவார் என்று ஆலையில் பேச்சு. பேச்சில் பாதி அளப்பு என்று தள்ளினாலும் மீதிப் பாதியே ஓர் ஆயுளுக்குப் போதும். ஒருமுறை கூடத்துக்கு வெளியே நின்றபடியே, மூன்றாம் தொட்டிக்குப் பக்கத்தில் எவனோ ஆரஞ்சு உரித்திருக்கிறான் என்று சொல்லி, உரித்தவனைத் தோலைச் சட்டைப்பையில் ஒளிக்க வைத்த மனிதர்.

அவர் மனைவிக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. தராசு. அவளும் அதே கூடத்தில், அதே மேசையில், அவருக்கு நேர் எதிரே நான்கு வருஷம் உட்கார்ந்தவள்தான். சுவைக்கூடத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கோப்பையை முகர்ந்தாலும் வாயில் வைத்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. ஒருவர் முகம் சுளித்தால் அடுத்தவர் நாக்கும் சேர்ந்து சுளித்துக்கொள்ளும் என்பது அன்றைய மேலாளரின் கொள்கை. தோன்றியதைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லோரும் எழுதி முடித்த பிறகு ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மற்றவர்களை எப்படியும் புருவமோ உதடோ காட்டிக்கொடுத்துவிடும். இவள் முகத்தில் முள் அசையாது. அதனால் தராசு. வயதான பிறகு மரியாதைக்கு ஓர் அம்மா ஒட்டிக்கொண்டு தராசம்மா ஆனாள்.

இருவருக்கும் கல்யாணம் ஆன கையோடு மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள், சீட்டுக்கு மதிப்பிருக்காது, யாராவது ஒருவர் எழுந்துகொள்ளுங்கள் என்று. யார் எழுந்திருப்பார்கள் என்று கேட்கவும் வேண்டுமா? தராசம்மா லேபிள் பிரிவுக்குப் போனாள். பாட்டிலில் லேபிள் கோணாமல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இருபத்தோரு வருஷம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றாள். அதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

சட்டத்தை மட்டும் இருவரும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எந்த வீட்டை வாங்குவது, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையனுக்குச் சரி சொல்வதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் சீட்டுதான். எழுதிக் கவிழ்த்து, ஒன்றாகத் திருப்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும். மகள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டே வளர்ந்து, கல்யாணமாகித் தூரதேசம் போய்விட்டாள்.

போன வாரம் ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆலை கைமாறிவிட்டது. புதிதாக வந்தவர்கள் நிலவறையில் தூசு படிந்து கிடக்கும் பழைய பாட்டில்களை வெளியே விடப்போகிறார்களாம். எது தேறும், எது தேறாது என்று சொல்ல எட்டுப் பேர் கொண்ட குழு. தலைவர் மூக்கர். தேறியதன் லேபிளில் அவர் கையெழுத்து. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வர முடியுமா?

வர முடியுமாவா! மனிதர் அன்றைக்கே பழைய வெள்ளைக் கோட்டை எடுத்துத் துவைத்து மாட்டிவிட்டார். ஆனால் துவைத்த கையோடு ஏதோ ஒரு யோசனையில் விழுந்துவிட்டார். சாப்பிடும்போது யோசனை, ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது யோசனை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று எழுந்துபோய், மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்து, ஒரு பாட்டிலை எடுத்து வந்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். அடி வண்டல் இறங்க ஒரு நாள் நிற்க வேண்டும் என்பது கணக்கு.

"நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு இதைத் திறப்போம். ஒரு ஒத்திகை மாதிரி இருக்கட்டும். சீட்டு எல்லாம் வெச்சு, முறையாச் செய்வோம்" என்றார்.

தராசம்மாவுக்கு அந்தப் பாட்டிலைத் தெரியாதா? இருபத்தாறு வருஷத்துக்கு முந்தியது. போர்தோ பாணி என்பார்கள். இரண்டு மூன்று வகைத் திராட்சையைத் தனித்தனியாக ஒயினாக்கி, விகிதம் பார்த்துக் கலந்து, மரப்பீப்பாயில் உறங்கவிட்டு எடுப்பது. அந்த வருஷத்துக் கலவையைத் தேர்ந்தெடுத்ததுதான் அவள் அந்த மேசையில் கடைசியாகச் செய்த வேலை. அன்றைக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. எட்டுக் கிண்ணங்களில் எட்டு விகிதங்கள். சீட்டுகளைத் திருப்பியபோது மூக்கரும் அவளும் மட்டும் ஐந்தாவது என்று எழுதியிருந்தார்கள். மற்ற எல்லோரும் இரண்டாவது. மூக்கர் எழுந்து நின்று அரைமணி நேரம் வாதாடி ஐந்தாவதை ஜெயிக்க வைத்தார். வாதாடிய முகம் சிவந்துபோய், "நீங்க ஒருத்தராவது என்கூட நின்னீங்களே" என்று அவளிடம் சொன்னார். அப்போதெல்லாம் அவர் அவளை நீங்க என்றுதான் கூப்பிடுவார். அடுத்த மாதம் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு வந்ததுதான் லேபிள் பிரிவு.

சனிக்கிழமை முழுக்க அவளுக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. அந்தக் கூடத்தின் வடக்குப் பக்கத்துச் சன்னல்கள், வெள்ளைத் துணி விரித்த மேசை, துப்புவதற்கு வைத்திருந்த பித்தளைப் பாத்திரம், எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முகர்கிற ஒல்லியான இளைஞன். எத்தனை வருஷமாயிற்று இதையெல்லாம் நினைத்து! ஆட்டுத் தொடைக்கறியை மசாலா தடவி அடுப்பில் ஏற்றிவிட்டு, உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே, சின்னப் பெண் மாதிரி தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

மூக்கர் வழக்கம்போல அடுப்படிக்கு வந்து அவள் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நாளாகவே இது ஒரு பழக்கம். பெரிதாக அடித்துப்போட்ட ஒரு காய்ச்சலில் மூன்று வாரம் படுத்து எழுந்ததிலிருந்து, அவள் எதைச் சமைத்தாலும் வந்து பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பிடித்துப் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரியிடம் கூட, "இந்த வயசுல அவருக்கு என்னைவிட்டா உலகமே இல்லக்கா" என்று சொல்லி, அவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கொழுந்தன் வந்தான். மூக்கரின் தம்பி. அதே ஆலையின் லாரியை ஓட்டி ஓட்டி இடுப்பு போனவன். அண்ணன் மூக்கால் வாழ்ந்தார், தம்பி வாயால் வாழ்ந்தான். தண்ணீரையும் ஒயினையும் ஒரே வேகத்தில் குடிக்கிறவன்.

"அண்ணி, கறி வாசனை தெருமுனை வரைக்கும் வந்து கையைப் பிடிச்சு இழுக்குது. எனக்கு ஒயின் வேண்டாம். அண்ணன் சீட்டு எழுதச் சொல்லுவாரு. பரீட்சை எழுதப் பயந்துதானே நான் லாரி ஓட்டப் போனேன்!"

"உட்காருடா. நீயும் எழுதணும். மூணு சீட்டு இருந்தாத்தான் ஒத்திகை" என்றார் மூக்கர்.

அவள் கறியை வெட்டிக்கொண்டிருந்தபோது கூடத்தில் மூக்கர் பாட்டிலைத் திறந்தார். கை இன்னும் கையாகத்தான் இருந்தது. பழைய தக்கையை நொறுங்கவிடாமல் மெல்லத் திருகி எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒருமுறை தலையசைத்தார். டார்ச் வெளிச்சத்தைப் பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, வண்டல் வரும்வரை கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வந்ததும் நிறுத்தினார். தட்டுகளோடு வந்த தராசம்மா அதைப் பார்த்து நின்றுவிட்டாள். இவரைத்தான் அந்த மழைநாளில் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. திங்கட்கிழமை அந்தப் புதுப்பிள்ளைகள் இந்தக் கையைப் பார்க்கட்டும் என்று நெஞ்சு நிறைந்தது.

மூன்று கோப்பைகள். மூன்று சீட்டுகள், மூன்று பென்சில்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆரம்பிக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவள் முகம் தானாகவே கல்லாயிற்று. நான்கு வருஷப் பழக்கம், இருபத்தாறு வருஷம் கழித்தும் கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டது.

நிறம் சரியாக இருந்தது. நடுவில் மாணிக்கச் சிவப்பு, ஓரத்தில் செங்கல். கோப்பையைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனாள்.

ஒயின் கெட்டுப்போயிருந்தது.

சந்தேகத்துக்கு இடமே இல்லை. தக்கையில் பூசணம் இறங்கி ஒயினைக் கெடுத்திருந்தது. நிலவறைக்காரர்கள் அதைப் பெட்டி என்பார்கள். ஈர அட்டை வாடை அடிப்பதால் அந்தப் பெயர். ஆயிரம் பாட்டிலில் சில பாட்டில்கள் இப்படிப் போவது உண்டு, யார்மேலும் குற்றமில்லை. ஆனால் இது கொஞ்சநஞ்சம் இல்லை. நடு வீட்டில் ஈரச் சாக்கை விரித்தது போல அடித்தது. தக்கையை எடுத்தபோதே வந்திருக்கும், கறி மணத்தில் அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று. அந்தத் தக்கையைத்தான் மூக்கர் முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார்.

அவள் முகம் அசையவில்லை. கோப்பைக்கு மேலாக அவரைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமல், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் பாதையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார். மடமடவென்று எழுதினார்.

ஐயோ, இவருக்கு மூக்கு போய்விட்டது.

அந்த ஒரு நினைப்பு வந்ததும் பின்னால் எல்லாம் வரிசையாக வந்தன. பால் பொங்கி வழிந்து தீய்ந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே. காது மந்தமாகிவிட்டது என்று அவள் திட்டினாள். மகள் அனுப்பிய சோப்பை, "நல்ல வாசனை" என்று சொன்னாரே. அது வாசனையே இல்லாத சோப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாரா, அல்லது அவருக்கே தெரியாதா? தெரியாமல் இருந்தால்? திங்கட்கிழமை எட்டுப் பேர் சீட்டைத் திருப்பும்போது ஏழு சீட்டு ஒன்று சொல்ல, தலைவர் சீட்டு மட்டும் வேறொன்று சொல்லும். ஒருதரம் ஆனால் கிழவர் சறுக்கிவிட்டார் என்பார்கள். மூன்றுதரம் ஆனால் பரிதாபப்படுவார்கள். பரிதாபத்தை இந்த மனிதர் தாங்கவே மாட்டார்.

"அண்ணி, இது என்ன..." என்று கொழுந்தன் கோப்பையைத் தள்ளி வைத்து வாயைத் திறந்தான். அவள் மேசைக்கடியில் அவன் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அவன் "அம்மா!" என்று கத்தினான்.

"எழுதும்போது பேசக் கூடாதுடா" என்றார் மூக்கர், தலையைத் தூக்காமல்.

கொழுந்தன் அண்ணியை முறைத்துக்கொண்டே பென்சிலை நாக்கில் தொட்டு எதையோ கிறுக்கினான். இனி அவள் சீட்டு ஒன்றுதான் பாக்கி.

என்ன எழுதுவது? நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கொழுந்தன் சீட்டை யார் மதிக்கப்போகிறார்கள்? அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திங்கட்கிழமை வெள்ளைக் கோட்டோடு கிளம்புவார். கிளம்பி எங்கே போவார்? நேராக அந்த ஏழு பேர் நடுவில் போய் விழுவார். அடி விழுவதென்று ஆன பிறகு அது வீட்டிலேயே விழட்டும், எடுத்து உட்கார வைக்க நானாவது பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அழுத்தி ஒரே ஒரு சொல் எழுதிக் கவிழ்த்தாள்.

"திருப்பலாம்" என்றார் மூக்கர்.

கொழுந்தன் சீட்டில் கோணல் எழுத்தில், 'மழையில நனஞ்ச அட்டைப்பெட்டி. எனக்கு ஒயின் தெரியாது. ஆனா அட்டைப்பெட்டி தெரியும்' என்று இருந்தது.

மூக்கர் சிரித்தார். "லாரிக்காரன் மூக்கு லாரியைவிட்டு எங்க போகும்" என்றார். சிரிப்பு முடிவதற்குள் மனைவியின் சீட்டைப் பார்த்துவிட்டார்.

'பெட்டி.'

அவர் சீட்டை அவள் பார்த்தாள். முத்து முத்தான எழுத்தில் எட்டு வரி. 'கறுப்புச் செர்ரி. சீவிய பென்சில். புது மரம், இன்னும் ஆறவில்லை, ஆனால் ஆறும். நடுவில் ஒரு குளிர்ச்சி, வெளியே மழை பெய்கிற அறையில் திறந்த மாதிரி. நாக்கில் பிடிப்பு, பிறகு இளகல். விழுங்கிய பின்னும் எண்ணி இருபது நொடி நிற்கிறது. மற்றவை கெட்டிக்காரத்தனம். இது நல்லது.'

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்தாறு வருஷத்துப் பீப்பாய் மரம் எங்கே இன்னும் புதிதாக மணக்கும்? இது இந்தக் கோப்பையில் இருப்பதே இல்லை. அந்த மழைநாளில் ஐந்தாவது கிண்ணத்துக்கு அவர் எழுதிய அதே சீட்டு, ஒரு சொல் பிசகாமல். படிக்கப் படிக்க அந்தக் கிண்ணம் அவள் மூக்குக்கே வந்துவிட்டது. செர்ரியும் வந்தது, பென்சிலும் வந்தது, மழையும் வந்தது. எதிரே கெட்டுப்போன ஒயினை வைத்துக்கொண்டு, அந்த நல்ல ஒயினை அவள் மறுபடி ஒருமுறை முழுசாகக் குடித்தாள்.

"எப்பலேருந்துங்க?" என்றாள்.

அவர் தன் சீட்டை மறுபடி கவிழ்த்து வைத்தார். "அந்தக் காய்ச்சல்லேருந்து. எட்டு மாசம். முதல்ல சளின்னு நெனச்சேன். அப்புறம் டாக்டர்கிட்ட போனேன். உங்கிட்ட பேங்க் வேலைன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னைக்கு. வந்தா வரும், வராட்டி இல்லைன்னுட்டாரு."

"அப்புறம் எந்தத் தைரியத்துல திங்கட்கிழமை வரேன்னு எழுதிப் போட்டீங்க?"

மூக்கர் தேள் கொட்டின திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். "வயசாயிடுச்சு, துணைக்கு என் சம்சாரமும் வந்து உட்காரும்னு கேட்டிருந்தேன். சரின்னுட்டாங்க. உன் கையிலயும் ஒரு கோப்பை குடுக்கச் சொல்லிட்டு, உன் முகத்தைப் பார்த்து எழுதிடலாம்னு இருந்தேன். எட்டு மாசமா வீட்டுல அப்படித்தானே ஓட்டறேன்? பால் தீயுதா, கறி வெந்துதா, குழம்பு நேத்தையதா, எல்லாம் உன் முகத்துல இருக்கும். இன்னைக்கு அதுக்குத்தான் ஒத்திகை. ஆனா நான் ஆரம்பிக்கலாம்னு சொன்னதும் நீ பழைய தராசாயிட்டே. ஒண்ணுமே தெரியலை. தெரியாததனால ஞாபகத்துல இருந்ததை எழுதிட்டேன்."

கல் முகம் அப்போதுதான் உடைந்தது. உடைந்து உள்ளேயிருந்து வந்தது அழுகை இல்லை, கோபம்.

"அப்போ அடுப்படியில வந்து நின்னதெல்லாம் அதுக்குத்தானா? நான் பைத்தியக்காரி, இந்த வயசுல மனுஷனுக்கு நம்ம மேல புதுசா ஆசை வந்திருக்குன்னு நெனச்சு, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க என்னைப் பார்க்கலை. மீட்டர் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கீங்க! நாலு வருஷம் அந்த மேசையில உட்கார்ந்து யார் சீட்டையும் நான் எட்டிப் பார்த்ததில்ல. என்னை வெச்சுக் காப்பியடிக்கப் பார்த்தீங்களே, வெக்கமா இல்ல?"

கொழுந்தன் தன் தட்டுக் கறியைத் தொடாமலே விட்டுவிட்டு எழுந்தான். "நான் பாத்திரம் கழுவிடறேன் அண்ணி" என்றான். பிறந்ததிலிருந்து ஒரு கரண்டி கழுவி அறியாதவன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டான்.

"வெக்கமாத்தான் இருக்கு" என்றார் மூக்கர். "திங்கட்கிழமை நான் போகலை. காலையில ஃபோன் பண்ணி உள்ளதைச் சொல்லிடறேன். மூக்கு போயிடுச்சுன்னு சொல்லிடறேன். அவ்வளவுதான், முடிஞ்சுது."

முடிஞ்சுது என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. முப்பத்தொரு வருஷம் அந்த ஒரு சொல்லில் போயிற்று. அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் இறங்கவில்லை.

"பயத்துலதான் பார்க்க ஆரம்பிச்சேன். அது நிஜம்" என்றார் அவர். "ஆனா உப்புப் போடறப்போ நீ உதட்டைக் கடிச்சுக்குவேன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. கறி வெந்தா உன் இடது புருவம் ஏறும். அதுவும் தெரியாது. எட்டு மாசமாத்தான் தெரியும். அதையும் மீட்டர்னு சொன்னா சொல்லிக்கோ."

அவள் தன் சீட்டை எடுத்து நான்காக மடித்தாள்.

"ஒயின் போனா போகுது. காப்பி போச்சு, பழம் போச்சு, எல்லாம் போகட்டும். காலையில நீ எழுந்து போனப்புறம் உன் தலையணையில முகத்தை வெச்சுப் பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். வெறும் துணி. அதுதான் தாங்கலை."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தராசம்மா தன் கோப்பையை ஒரு பக்கமாக நகர்த்தினாள். கோபம் எங்கேயோ கழன்றுகொண்டு போய், அதன் இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்திருந்தது.

"என்ன வாசம் அது?" என்றாள்.

"உனக்குத் தெரியாதா?"

"என் வாசம் எனக்கு எப்படிங்க தெரியும்? அதைத் தெரிஞ்ச ஆளே உலகத்துல நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கும் போயிடுச்சுன்னா, அப்படி ஒண்ணு இருந்ததுன்னே யாருக்கும் தெரியாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். சுவைக்கூடத்தில் மூடுவது போலவே மூடி, நிதானமாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்கிட்ட வாசமே கிடையாது. சுவைக்கிறவங்க சோப்புகூடப் போடக் கூடாதே. வெறும் தண்ணி வாசம். கல்யாணம் ஆகி ரெண்டாவது வாரம், ஒருநாள் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தே. பசை வாசம் அடிச்சுது. லேபிள் ஒட்டற பசை. விரல் இடுக்குல, முடியில, புடவையில. அதோட வேர்வை, கொஞ்சம் காகிதம். அன்னைலேருந்து உன் வாசம் அதுதான். நீ ரிட்டையராகி அஞ்சு வருஷம் ஆகியும் போகலை. தலையணையிலயும் அதுதான் இருந்துச்சு." அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இருபத்தஞ்சு வருஷமா ஒவ்வொரு ராத்திரியும் அதை முகர்ந்துட்டுத்தான் தூங்கினேன். இது என்னால வந்த வாசம்னு எனக்குத் தெரியும். எழுந்திருக்க வேண்டியது நான். என்னைவிட உனக்குத்தான் நல்ல மூக்கு. அது எனக்கு அன்னைக்கே தெரியும். ஒருநாள்கூட உங்கிட்ட சொல்லலை."

தராசம்மா அழுதாள். இருபத்தாறு வருஷமாக இந்த ஒன்றைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தாள் என்பது, அழ ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.